துறைமுகத்துக்கு ஒரு திருவிழா வேண்டும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர் வட்டாரக் குவாரிகளில் ஒரு கிரானைட் பிளாக்கை வெட்டி எடுத்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். ஈரத்தில்தான் கல்லின் நிறம் எடுத்துக் காட்டும். மயிரிழை வெடிப்பு இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். வாங்க வந்தவர் நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்து, டேப் பிடித்து அளந்து, சரி என்று சொன்ன பிறகு கல்லின் மேல் பெயின்ட்டால் எண்ணும் எழுத்தும் விழும். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அதே அளவு உயரம் கொண்ட ஒரு பிளாக் ஏறத்தாழ 18 டன் எடை வரும். கிரேன் அதை டிரெய்லரில் வைத்து, சங்கிலி போட்டு இறுக்கியதும், வண்டி தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடும். நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று சுமார் 250 கிலோமீட்டர் ஓடிச் சென்னைத் துறைமுகத்தில் போய் நிற்கும். அதற்குப் பிறகு அந்தக் கல் எந்த நாட்டு வீட்டின் சமையல் மேடையாகிறது, எந்தக் கல்லறையின் மேல் நிற்கிறது என்பது அதை வெட்டிய தொழிலாளிக்குத் தெரியாது.

கல்லோடு முடியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் பெங்களூரா மாம்பழம் கூழாகி, டிரம்களில் அடைபட்டு வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. பர்கூர் சிப்காட்டில் தைக்கும் காலணிகள், ஓசூரில் உருவாகும் இருசக்கர வாகனங்கள், பேருந்துகள் எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு கப்பலின் வயிற்றில்தான் போய்ச் சேருகின்றன. சுற்றுவட்டார மக்கள் ‘குட்டி சூரத்’ என்று அழைக்கும் பர்கூர் ஜவுளிக் கடைகளில் புடவைக் கட்டுகள் வந்து இறங்கும் சூரத்தும்கூட, ஒரு காலத்தில் முகலாயப் பேரரசின் முதன்மைத் துறைமுகம். மெக்காவுக்குப் போன பயணிகள் கப்பலேறிய தபதி நதிக்கரை அது.

ஆக, கடலையே கண்ணால் பார்க்காத இந்தச் சிவப்பு மண் வட்டாரத்தின் சோறு பாதி கடல் வழியாகத்தான் வருகிறது. இருந்தும் துறைமுகம் என்றால் இங்கே யாருக்கு என்ன தெரியும்? லாரி ஓட்டுநர்களுக்கு ‘ஜீரோ கேட்’ தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தது தெரியும். மற்றவர்களுக்கு அதுகூடக் கிடையாது. சென்னைக்குப் போகிறவர்கள் மெரினாவில் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், தங்கள் ஊர்க் கல்லும் பழமும் ஏறும் இடம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

தமிழ்நாட்டின் பழைய துறைமுக நகரம் ஒன்றில், நுழைவுக் கட்டணம் இல்லாத, நீர்க்கரையிலேயே நடக்கிற, கடல் வரலாற்றைக் கொண்டாடுகிற ஒரு திருவிழா ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அடிப்படை இதுதான். இந்தக் கோரிக்கை கடற்கரை மாவட்டங்களிலிருந்து எழுவது இயல்பு. ஆனால் அதை எழுப்ப பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கும் அதே அளவு உரிமை உண்டு.

இப்படி ஒரு விழா இந்தியாவில் எங்கே இருக்கிறது என்று தேடினால், விடை ஒடிசாவில் கிடைக்கிறது. அதுவும் கடற்கரையில் இல்லாத ஒரு நகரத்தில். கட்டாக் மகாநதிக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து பாராதீப் துறைமுகம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒவ்வொரு கார்த்திகைப் பௌர்ணமியன்றும் அந்த நகரத்தில் ‘பாலி யாத்திரை’ தொடங்குகிறது. பெயரிலேயே இந்தோனேசியத் தீவு இருக்கிறது. ‘சாதபர்’ எனப்பட்ட கலிங்கக் கடல் வணிகர்கள் பாலி, ஜாவா, சுமத்ரா தீவுகளுக்குப் பாய்மரம் விரித்துப் புறப்பட்டதன் நினைவு அது. மழைக்காலம் ஓய்ந்து, காற்று திசை திரும்பும் பருவம் பார்த்து மரக்கலங்கள் கிளம்பின. அந்த நாள்தான் இன்றும் விழாவின் முதல் நாள்.

பௌர்ணமி விடியலில், இருட்டுப் பிரியும் முன்பே, குடும்பங்கள் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகின்றன. வாழைமட்டையிலும் காகிதத்திலும் நெட்டியிலும் செய்த சிறு படகுகள் அவர்கள் கையில் இருக்கும். படகுக்குள் ஒரு விளக்கு, வெற்றிலை, பாக்கு, பூ. இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் பாட்டி முதல் கல்லூரிப் பெண்கள் வரை எல்லோரும் முழங்கால் நீரில் இறங்கிப் படகை விடுகிறார்கள். கடலோடி வீட்டுப் பெண்கள் வணிகர்களை வழியனுப்பிய சடங்கின் தொடர்ச்சி இது. கட்டாக்கில் மட்டும் என்றில்லை, ஒடிசாவின் குளம், ஏரி, ஆறு எதையும் விட்டுவைக்காமல் அன்று காலை இது நடக்கிறது. கடலையே பார்க்காத உள்ளூர்க் குளத்திலும் ஒரு கப்பல் புறப்படுகிறது. தெர்மாகோல் படகுகள் பெருகி நீர்நிலைகளைக் கெடுத்தபோது அவற்றைத் தடுத்து, மீண்டும் வாழைமட்டைக்குத் திரும்பும்படி நகர நிர்வாகங்கள் வலியுறுத்தின. மரபு தன்னைத் திருத்திக்கொள்வதற்கு இது நல்ல உதாரணம்.

அதன் பிறகு ஒரு வாரத்துக்கும் மேல், பாராபதி கோட்டையை ஒட்டிய ஆற்று மணல்வெளி முழுவதும் சந்தைதான். கட்டாக்கின் புகழ்பெற்ற வெள்ளிக்கம்பி நகைவேலை, கைத்தறி, பித்தளைப் பாத்திரம், மண் பொம்மை. தயிர்வடையோடு உருளைக்கிழங்குக் குழம்பு சேர்த்துத் தரும் தள்ளுவண்டிகளுக்கு முன்னால் நகர முடியாத கூட்டம். மாலையில் நடனமும் பாட்டும். கூலித் தொழிலாளியும் அரசு அதிகாரியும் ஒரே மணலில் நடக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு விழாவில் பள்ளி மாணவர்கள் 35 நிமிடங்களில் 22,473 காகிதப் படகுகளை மடித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதே நாள்களில் ஜி-20 மாநாட்டுக்காக பாலித் தீவுக்குப் போயிருந்த பிரதமர் மோடி, அங்கே கூடியிருந்த இந்திய வம்சாவளியினரிடம் கட்டாக்கில் நடந்துகொண்டிருந்த இந்த விழாவைப் பற்றிப் பேசினார். உள்ளூர்ச் சந்தையாக இருந்த ஒன்று இரண்டு நாடுகளுக்கு இடையிலான உறவுப் பேச்சில் இடம்பிடித்தது அப்படித்தான்.

கட்டாக்கில் பெரிய கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. சாதபர்களின் மரக்கலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அந்த மாநிலத்தில் வளரும் ஒரு குழந்தைக்குத் தன் முன்னோர்கள் கடலோடிகள் என்ற செய்தி பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கைவிரலில் ஏறிவிடுகிறது. ஓர் இலவச விழா செய்யக்கூடிய வேலை இவ்வளவு பெரியது.

வெளிநாடுகளிலும் துறைமுக நகரங்கள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1189ஆம் ஆண்டு மே 7ஆம் தேதியைத் தன் துறைமுகத்தின் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சாசனம் பிற்காலத்தில் எழுதப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொன்ன பிறகும் கொண்டாட்டம் நிற்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் எல்பா நதிக்கரையில் லட்சக்கணக்கானோர் திரள, கப்பல்களை இழுத்துவரும் சிறிய இழுவைப் படகுகள் இசைக்கு ஏற்ப ஆற்றில் சுழன்று ஆடுகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கதை இன்னும் முக்கியமானது. நகரின் நடுவே இருந்த பழைய துறைமுகத்தைத் தூர்த்துச் சாலைகளும் கட்டடங்களும் போடத் திட்டங்கள் வந்தபோது, நீர்வழி ஆர்வலர்கள் 1971இல் அங்கே ஒரு படகு விழாவை நடத்தினார்கள். மக்கள் வந்தார்கள், பார்த்தார்கள், துறைமுகம் தூர்க்கப்படவில்லை. அந்த விழா இன்றும் கட்டணமின்றி நடக்கிறது.

தமிழ்க் கரைக்கு வருவோம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று மூன்று பெருந்துறைமுகங்கள். அவற்றைத் தவிர நாகப்பட்டினம், கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, தொண்டி, காயல்பட்டினம், குளச்சல் என்று பெயரைச் சொன்னாலே வரலாறு கிளம்பும் ஊர்கள். நீர்க்கரையில் கூடும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சாமிகள் வரிசையாகத் தீர்த்தவாரிக்கு வந்து சேர்கின்றன. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு வரும்போது வழியில் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் தலைமுறைகளாக நீடிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் கடந்து, அணையில் தேங்கி, சாத்தனூர் வழியாக ஓடும் தென்பெண்ணையும் அதே கடலூரில்தான் கடலில் கலக்கிறது. பெங்களூருக் கழிவு சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது அது செய்தியாகிறது. அதே ஆறு ஒரு பழைய துறைமுகத்தின் வாசலில் போய் முடிகிறது என்பது யார் நினைவிலும் வருவதில்லை.

இவையெல்லாம் பக்தித் திருவிழாக்கள். அவற்றின் இடம் வேறு. கப்பல் கட்டியவர்கள், ஓட்டியவர்கள், சரக்கு ஏற்றியவர்கள், கடல் கடந்து போய்க் கூலியானவர்கள், திரும்பி வராதவர்கள் ஆகியோரின் கதையைச் சொல்லும் பொதுவிழா ஒன்று தமிழ்நாட்டில் இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதுதான் குறை.

துறைமுகங்களும் நாளுக்கு நாள் மக்களை விட்டு விலகிக்கொண்டே போகின்றன. அமெரிக்க இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு உருவான கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது என்ற நிலை உலகம் முழுவதும் இறுகியது. பாதுகாப்பு தேவைதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஹாம்பர்க்கும் அதே விதிகளின் கீழ்தான் இயங்குகிறது. ஆண்டுக்குச் சில நாள்கள், குறிப்பிட்ட தளத்தில், சோதனைக்குப் பிறகு மக்களை அனுமதிப்பது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலேயே கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களைச் சில நாள்களில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுவது உண்டு. அப்போது குழந்தைகளோடு நீண்ட வரிசையில் நின்று காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால், ஆர்வம் எந்தப் பக்கத்தில் குறைவு என்பது புரியும்.

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா ஐந்து நாள்கள் நடந்தது. முதலாம் ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது அனுப்பிய கடற்படைக்கு ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதும் அதில் கொண்டாடப்பட்டது. பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியிடப்பட்டது, இளையராஜா இசை நிகழ்ச்சி நடத்தினார். தலைநகரத்தில் மன்னனைக் கொண்டாடியது பொருத்தம். ஆனால் அந்தப் படை நாகப்பட்டினம் போன்ற துறைகளில் திரண்டு, பாய் விரித்துப் போயிருக்க வேண்டிய கடற்கரையில் அந்த ஆண்டு அதற்கு ஈடான ஒரு மக்கள் விழா நடக்கவில்லை. ஆயிரமாவது ஆண்டு இனி ஒருமுறை வராது. அந்த வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போர் வெற்றியைவிடவும் நினைவில் வைக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. சுமத்ரா தீவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்ற வணிகக் குழுவினுடையது. கற்பூரத்துக்குப் பெயர்போன துறை அது. இந்த ஐந்நூற்றுவர் தங்கள் மூலத்தை எங்கே சொல்லிக்கொண்டார்கள் தெரியுமா? கர்நாடகத்தின் உட்பகுதியில், கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஐஹொளேயில். மேட்டுநிலத்து வணிகர்கள் தமிழில் கல் வெட்டி சுமத்ராவில் நட்டிருக்கிறார்கள். கர்நாடக எல்லையில் உட்கார்ந்துகொண்டு, கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு, தினமும் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஓசூர்–கிருஷ்ணகிரிப் பட்டைக்கு இதைவிட நெருக்கமான மூதாதையர் இருக்க முடியாது. துறைமுகம் என்பது கரையில் மட்டும் இருப்பதில்லை. அதற்குச் சரக்கு அனுப்பும் ஒவ்வொரு ஊரிலும் அதன் வேர் இருக்கிறது. உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், சுங்க அதிகாரிகள் மூட்டைகளின் மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்து அனுப்புகிறார்கள். அங்கே குவிந்த மிளகும் மணியும் பொன்னும் கடற்கரையில் விளைந்தவை அல்ல. மலையிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் வண்டியேறி வந்தவை.

சரி, எங்கே நடத்துவது? தூத்துக்குடிக்கு வலுவான உரிமை இருக்கிறது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரியான ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, ஒரு கட்டத்தில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. 1908இல் சிதம்பரனார் சிறைக்குப் போனார்; கோவைச் சிறையில் செக்கிழுத்தார்; 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல் எதிரிக் கம்பெனியின் கைக்கே போனது. இப்படி ஒரு கதை வேறெந்த நாட்டுத் துறைமுகத்துக்கு இருந்திருந்தாலும் அங்கே ஆண்டுதோறும் கப்பல் வடிவில் ஊர்வலம் போயிருக்கும். சென்னைக்கும் உரிமை உண்டு. தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டித்தான் ஒரு காலத்தில் எல்லோரும் சென்னையில் கரையிறங்கினார்கள்.

இருந்தாலும் முதல் விழா நாகப்பட்டினத்தில் நடப்பதே நியாயம். ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் சொல்லும் செய்தி அது. கடல் கடந்த அரசன் ஒருவன் புத்தர் கோயில் கட்ட, சைவ அரசன் நிலம் கொடுத்த ஊர். கடலோடிகள் நம்பிக் கைகூப்பும் நாகூர் ஆண்டவர் தர்கா அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கந்தூரி விழாவில் கப்பல் வடிவ ரதங்களில் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஊர்வலமாகப் போகின்றன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் போய்க் குடியேறியவர்கள் அங்கேயும் நாகூர் தர்கா எழுப்பினார்கள். தெற்கே வேளாங்கண்ணியில், புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளின் நேர்த்திக்கடன் கதை இன்றும் சொல்லப்படுகிறது.

இவை போக, அதிபத்த நாயனார் இருக்கிறார். அறுபத்து மூவரில் ஒருவரான இவர் நாகப்பட்டினத்து மீனவர். வலையில் விழும் முதல் மீனை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் சிக்கிய வறுமைக் காலத்திலும் அதை விட்டார். கடைசியில் பொன்மீன் சிக்கியபோது அதையும் விட்டார். ஆவணி மாதத்தில் நாயனார் சிலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய், தங்கமீனைக் கடலில் விட்டு எடுக்கும் சடங்கை மீனவ மக்கள் நடத்துகிறார்கள். கரையில் சிவபெருமான், காயாரோகணசுவாமியாகக் காத்திருக்கிறார். கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் மறைந்துபோன விகாரமும் ஒரே கடலைப் பார்த்து நிற்கும் இப்படி ஓர் ஊர் இந்தியாவில் அபூர்வம்.

இந்த நெடிய வரலாற்றில் மிக அண்மைக்காலப் பகுதிதான் அதிகம் மறக்கப்பட்டுவிட்டது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் ஆயிரம் ஆயிரம். நாகப்பட்டினத்தில் ஆழமற்ற கரை என்பதால் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகில் ஏறிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு வந்த ‘எம்.வி.சிதம்பரம்’ 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் காலமே முடிந்துபோனது. தஞ்சை, நாகை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களில் பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டிகளுக்குள் அந்தப் பயணங்களின் பாஸ்போர்ட்டுகளும் கடிதங்களும் இன்னமும் கிடக்கின்றன. விழாவுக்கு ஒரு மேசை போட்டு, எடுத்துவாருங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று அரசு ஆவணக் காப்பகம் அழைத்தால், மூன்றே நாளில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வேண்டிய செல்வம் சேர்ந்துவிடும்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ கப்பல் புறப்பட்டபோது, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து உயிர்பெற்றது. சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கலைஞர்களும் படகு கட்டுவோரும் இந்தக் கப்பலிலேயே விழாவுக்கு வந்து இறங்கலாம். எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைதாகும் செய்திகளே ஓயாமல் வரும் அந்தக் கடற்பரப்பில், இரு கரை மக்களும் ஒரே மேடையில் நிற்கும் நாள் ஒன்று அவசியம் வேண்டும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றும் நெஞ்சு பதறும் தாய்மார்கள் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இருக்கிறார்கள். அந்த மண்ணில் வாணவேடிக்கையோடு வெறும் கேளிக்கை நடத்துவது தகாது. மீனவ கிராமப் பஞ்சாயத்தாரை முதலில் உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் தொடங்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கண்ணாடி இழைப் படகுகளை அள்ளிக் கொடுத்தன. கட்டுமரங்கள் ஏறக்குறைய மறைந்தன. மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, செதுக்கி, கயிற்றால் பிணைக்கத் தெரிந்த கைகள் இப்போது முதியவர்களின் கைகள். இந்தியக் கடற்படை 2025 மே மாதத்தில், பழைய முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய ‘கௌண்டின்யா’ பாய்மரக் கப்பலைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அந்த அளவுக்கு வேண்டாம். விழா மைதானத்தில் ஒரு கட்டுமரம் உருவாவதைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்க்கும்படி செய்தால் போதும். கடைசி நாளில் அதைக் கடலில் இறக்கலாம்.

இலவசம் என்றவுடன் கூட்டத்தைப் பற்றிய அச்சம் எழும். நியாயமான அச்சம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்க லட்சக்கணக்கானோர் குவிந்தார்கள். கொளுத்தும் வெயிலில், குடிநீருக்கும் நிழலுக்கும் வழியின்றி, திரும்பிச் செல்ல ரயிலும் பேருந்தும் போதாமல் தவித்தார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே காட்சிக்காக ஊரையே கூட்டியதன் விளைவு அது. கட்டாக் விழா ஒரு வாரத்துக்கு மேல் பரந்து கிடப்பதால் கூட்டம் நாள்களிலும் இடங்களிலும் பிரிந்துவிடுகிறது. நாகையிலும் உச்சக் காட்சி என்று ஒன்றை வைக்காமல், கடுவையாற்று முகத்துவாரம், கலங்கரை விளக்கம், பழைய துறைமுகம், நாகூர் என்று பரப்ப வேண்டும். நிழற்பந்தலும் தண்ணீரும் கழிப்பறையும் மேடை அலங்காரத்துக்கு முன்பே முடிவாக வேண்டிய செலவுகள்.

பணம் ஒரு தடையே அல்ல. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலிலிருந்து மீண்டும் நடக்கும் ‘சென்னை சங்கமம்’ விழாவில் தமிழ்நாட்டின் நாட்டுப்புறக் கலைஞர்கள் பூங்காக்களிலும் மைதானங்களிலும் கட்டணமின்றி ஆடிப் பாடுகிறார்கள். அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்க 2025–26 நிதிநிலை அறிக்கையில் 21 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அருங்காட்சியகம் தேவைதான். ஆனால் அது தேடி வருகிறவர்களுக்கு மட்டும் திறக்கிற கதவு. தினக்கூலியை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குவாரித் தொழிலாளியால் முடியாது. விழா என்று ஒன்று வந்தால்தான் குடும்பத்தோடு கிளம்புவார்.

அங்கே போகும்போது இந்த வட்டாரம் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. பர்கூர் வட்டத்திலுள்ள மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நங்கூரத்துக்கும் ஆணிக்கும் வாளுக்கும் வேண்டிய இரும்பை உருக்கத் தெரிந்த மக்கள் இந்தக் குன்றுகளின் அடியில் அவ்வளவு காலம் முன்பே இருந்திருக்கிறார்கள். கல் அறுப்பவர்கள் தங்கள் வேலையைச் செய்து காட்டலாம். மாம்பழக் கூழ் ஆலைகள் ஆளுக்கு ஒரு தம்ளர் சாறு ஊற்றிக் கொடுக்கலாம்; விலை சரிந்து மரத்திலேயே பழத்தை விட்டுவிடும் பருவங்களைக் கண்ட விவசாயிகள், ஏற்றுமதி செய்வோரோடு நேருக்கு நேர் பேச அது ஒரு வாய்ப்பு. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஒரு கொள்கலன் அவர்கள் ஊரிலிருந்து ராட்டர்டாம் வரை போகும் வழியைத் தமிழில் வரைபடமாக்கி வைக்கலாம்.

காலம், மாசி மகத்தை ஒட்டிய வாரம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஓய்ந்து, கோடை தொடங்காத நாள்கள் அவை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையில் செய்ததைப் பார்த்தவர்கள் கார்த்திகையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நாகப்பட்டினம் துறைமுகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் பொறுப்பில் இருப்பதால், அனுமதிக்காக டெல்லிக்கு அலைய வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. வாரியம், சுற்றுலாத் துறை, தொல்லியல் துறை, மீன்வளத் துறை ஆகிய நான்கும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் ஆண்டு மூன்று நாள் விழாவுக்குத் திட்டம் போட்டுவிடலாம்.

போய்வரும் வழிக்கும் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. பெங்களூரு–காரைக்கால் ரயில் ஓசூர், தருமபுரி, சேலம் வழியாக நாகப்பட்டினம் போகிறது. விழா நாள்களில் அந்த வண்டியில் கூடுதல் பெட்டிகள் இணைக்கும்படி தென்மேற்கு ரயில்வேயிடம் மாநில அரசு கேட்க வேண்டும். பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பள்ளிகளிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அரசுப் பேருந்துகள் விழாவுக்கு முந்தைய நாள் இரவே கிளம்ப வேண்டும். அந்தச் செலவைச் சிப்காட் ஆலைகளும் கிரானைட் ஏற்றுமதியாளர்களும் ஏற்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் கேட்டால், அது அவர்களிடம் கேட்கக்கூடிய மிகச் சிறிய தொகைதான்.